துன்பம் போதாத கதை

எங்கள் பேரவையின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அனைத்துலகத் தமிழ்ப் புனைகதை ஆய்வு மேம்பாட்டுப் பேரவை, கிள்ளான் பள்ளத்தாக்குக் கிளை. தலைமையகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று சேர்ந்த புதிதில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அப்படி ஒன்று இன்னும் இல்லை, கிளை வலுவடைந்ததும் தலைமையகம் தானாக அமையும் என்று தலைவர் முனைவர் கமலநாதன் விளக்கினார். அதோடு நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். என் பெயர் ரோகிணி, ரவாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்காதவர்களுக்குப் பேரவையில் சீக்கிரமே பதவி கிடைக்கும். எனக்குத் துணைச் செயலாளர் பதவி கிடைத்தது.

இந்த வருடம் பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் பிடித்து ஒருநாள் கருத்தரங்கு. 'பவுனம்மாள் சிறுகதைகளில் மனித உறவுகளும் விழுமியங்களும் பெண் அனுபவங்களும்' என்பது தலைப்பு. பவுனம்மாள் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலைவிட்டு வந்து, உலை கொதிக்கிற நேரத்தில் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து கதை எழுதியவர். உயிரோடு இருந்தபோது பேரவை அவரைக் கண்டுகொள்ளவில்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. நூலாக்கித் தருகிறோம் என்று அவர் கையால் எழுதிய கதைகளை எல்லாம் அப்போதே வாங்கி வைத்துக்கொண்டது. நூல் வருவதற்குள் அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்து, போன வருடம் ஆளே போய்விட்டார். அவர் போனதும் நூல் வேலை சூடு பிடித்தது. எழுத்தாளர் உயிரோடு இருந்தால் ஆய்வாளர்களுக்கு இடைஞ்சல் என்பது பேரவையின் நீண்டகால அனுபவம்.

எனக்குக் கொடுத்த வேலை விருந்தினர் ஒருங்கிணைப்பு. பெரிதாக ஒன்றும் இல்லை, பவுனம்மாளின் கணவர் கன்னையாவை முன்வரிசையில் உட்காரவைத்து, நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்திருக்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மண்டபக் கதவைத் திறப்பதற்கு முன்பே கொமுட்டர் ரயில் பிடித்து வந்து, இஸ்திரி போட்ட பூ அச்சுப் பாத்தேக் சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், கதைய எப்ப படிப்பாங்க?"

ஆய்வுரைகள் ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்றேன். ஆய்வு கிடக்கட்டும், கதையை எப்போது படிப்பார்கள் என்று மறுபடி கேட்டார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மனுசனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலாய்ப் பள்ளியில் படித்தவர். பேச்செல்லாம் தமிழ்தான், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நம் ஊரில் இப்படி எத்தனையோ பேர், அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகனும் அதே கதிதான். மனைவி கண்ணெதிரே உட்கார்ந்து வருடக்கணக்கில் எழுதினாள், இவர் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். என்ன எழுதுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லையாம்.

"கடைசியா ஆஸ்பத்திரில சொன்னா டீச்சர். உங்களப் பத்தி ஒன்னு எழுதியிருக்கேன், புக்கு வந்ததும் யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேளுங்கன்னா. நல்லதா எழுதியிருக்கியா கெட்டதாவான்னு கேட்டேன். சிரிச்சா. அதுக்கப்புறம் அவ பேசுற நெலமையில இல்ல."

இதைச் சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாராட்டி எழுத அவளுக்கு ஒரு காரணமும் தான் கொடுக்கவில்லை என்றார். கை ஓங்கியது இல்லை, ஆனால் கவனித்ததும் இல்லை. வருடம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறார். திட்டி எழுதியிருந்தாலும் பரவாயில்லை, அவள் வாயால் கேட்ட மாதிரி இருக்கும் என்றார். இன்றைக்குள் எப்படியும் கேட்டுவிடலாம் அண்ணே, நான் பொறுப்பு என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பொறுப்பெடுத்த பிறகுதான் புத்தகங்களைத் தேடினேன். எல்லாம் மேடைமேல் மஞ்சள் பட்டுத்துணி சுற்றி, ரிப்பன் கட்டி, மேலே ரோஜாப்பூ வைத்து, புதுப்பெண் மாதிரி இருந்தன. மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வந்து ரிப்பன் வெட்டும்வரை யாரும் தொடக் கூடாது. அப்படியானால் கட்டுரை எழுதியவர்கள் எதைப் படித்துவிட்டு எழுதினார்கள் என்று கமலநாதனிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பதவி ஒரு ஆட்டம் ஆடியது. எல்லாருக்கும் தன்னுடைய அணிந்துரையை மின்னஞ்சலில் அனுப்பியாகிவிட்டது, ஆய்வுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது என்றார். அணிந்துரை எழுதிய நீங்களாவது கதைகளைப் படித்தீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நெகாராகு தேசியகீதம், தமிழ் வாழ்த்து, கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு எல்லாம் ஆனது. வரவேற்புரை என்றால் எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் எல்லாரையும் பட்டம் ஒன்றையும் விடாமல் பெயர் சொல்லி வரவேற்பார். அவரை அடுத்தவர் வரவேற்று, விட்டுப்போனவர்களையும் சேர்த்து மறுபடி எல்லாரையும் வரவேற்பார். அதற்குள் பின்னால் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் மனம் நோகக் கூடாது என்று மூன்றாமவர் எழுந்திருப்பார். கன்னையா ஒவ்வொருவர் எழும்போதும் நாற்காலி நுனிக்கு வந்தார். இவர் கதை படிக்கப் போகிறவரா என்று என் காதில் கேட்டார். இல்லை அண்ணே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

முதல் அமர்வு மனித உறவுகள். கட்டுரையாளர் விரிவுரையாளர் யுகேந்திரன், கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டுக்கொண்டு திரையில் வட்டப்படம் காட்டினார். வெட்டி வைத்த கேக்கு மாதிரி கலர் கலராக இருந்தது. பவுனம்மாளின் புனைவுலகில் கணவன் உறவு முப்பத்தொரு விழுக்காடு, தாய் உறவு இருபத்திரண்டு, மாமியார் ஒன்பது, மீதி 'பிற' என்றார். எப்படிக் கணக்கிட்டார் என்றால், தலைவரின் அணிந்துரையில் கணவன் என்ற சொல்லும் தாய் என்ற சொல்லும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். இந்த ஆய்வுமுறை தமிழுக்குப் புதிது என்று அவரே சொல்லிக்கொண்டார். கை தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் கன்னையா எழுந்து நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் ஒலிவாங்கி அவர் கைக்குப் போய்விட்டது.

"சார், நான்தான் அந்த முப்பத்தொன்னு. அதுல நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு?"

யுகேந்திரன் கொஞ்சம் யோசித்தார். பிறகு, இது அளவுசார் ஆய்வு, நல்லது கெட்டது எல்லாம் பண்புசார் ஆய்வில் வரும், அதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்றார். கன்னையா நன்றி சொல்லி உட்கார்ந்தார். எனக்கு வந்த எரிச்சலில் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலைச் சுருட்டிச் சுருட்டிக் குழாயாக்கிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மீகூன் என்கிற அரிசிச் சேமியாவும் கோழிக் கறியும். கன்னையா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய்க் கேட்டார். பவுனு கதையில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே. கதையில் வருகிற கணவன் நீங்கள் இல்லை ஐயா, அது ஓர் அதிகார அமைப்பு என்று ஓர் ஆய்வு மாணவர் பவ்யமாகச் சொன்னார். அப்படியென்றால் பேரவை மாதிரியா என்று கேட்டார் கன்னையா. மனுசன் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாணவர் ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விட்டார். கன்னையா மீகூனைக் கிளறிவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

அடுத்தது பெண் அனுபவங்கள் அமர்வு. டெங்கிலில் இருந்தும் கிள்ளானில் இருந்தும் வந்த மூன்று பெண்கள் கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தார்கள். முதலாமவர் எழுந்து புடவையைச் சரிசெய்து, "அவையோருக்கு" என்று ஆரம்பித்தார். 'வணக்கம்' வருவதற்குள் மாண்புமிகு வந்துவிட்டார்.

மாண்புமிகு வந்தால் விளக்கேற்ற வேண்டும். விளக்கோ காலையிலேயே ஏற்றியாகிவிட்டது, நிகழ்ச்சி நிரலில் அவர்தான் ஏற்றுவார் என்று அச்சடித்தும் ஆகிவிட்டது. இரண்டு பேர் ஓடிப்போய் விளக்கை அணைத்தார்கள். அவர் ஏற்றினார். தமிழ் வாழ்த்து மறுபடி பாடினார்கள். மூன்று வரவேற்புரைகளும் மறுபடி நடந்தன. அவர் பேச எழுந்தார். பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், பேசுகிறேன் என்றார். பெண்கள் இல்லாமல் வீடு இல்லை, வீடு இல்லாமல் நாடு இல்லை என்றார். தன் மனைவியைப் போல ஒருத்தியைப் பார்க்க முடியாது, கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு குறையும் சொன்னதில்லை, ஏன் என்று தானும் கேட்டதில்லை, இதுதான் நம் குடும்பப் பண்பாடு என்றார். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், துணைச் செயலாளர் ஆயிற்றே. ரிப்பனை வெட்டி, நூலைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, ரவாங்கில் இன்னொரு விளக்கு இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

நேரம் போய்விட்டதால், பெண் அனுபவங்கள் அமர்வின் கட்டுரைகள் வாசிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அறிவித்தார்கள். மூன்று பெண்களும் மேடைக்கு வந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். ஆரம்பித்தவர் மட்டும் தான் எங்கே நிறுத்தினோம் என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாங்கி வந்த பஸ் டிக்கெட்டுக்குக்கூட யாரும் ஆறுதல் சொல்லவில்லை.

ரிப்பன் வெட்டினதும் நான் செய்த முதல் வேலை, ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததுதான். கன்னையா அட்டையில் இருந்த மனைவி படத்தைத் தடவிப் பார்த்தார். பொருளடக்கத்தில் பதினொரு கதைகள். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றில் கணவன் சுங்கத்துறை அதிகாரி. ஒன்றில் செத்துப்போனவன். ஒன்றில் குடிகாரன், ஆனால் மீன்பிடிக்கிறவன். லோரிக்காரன் எதிலுமே இல்லை. எதுவாயிருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் படியுங்கள், அவள் எழுதினது எப்படி இருக்கும் என்றாவது கேட்கிறேன் என்றார். மெதுவான குரலில் முதல் கதையின் முதல் வரியை வாசித்தேன். தொண்டரணிப் பையன் ஒருவன் குனிந்து, ஆய்வு நடக்கிற நேரத்தில் கதை படித்துத் தொந்தரவு செய்யாதீர்கள் டீச்சர் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான். அடக் கொடுமையே என்று நினைத்துக்கொண்டு மூடி வைத்தேன்.

கடைசி அமர்வு விழுமியங்கள். பேசியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பக்கிரிசாமி, பேரவையின் விழுமியக் குழுத் தலைவர். ஒன்றைச் சொல்ல வேண்டும், அன்றைக்குப் பேசியவர்களில் கதைகளை உண்மையாகவே படித்தவர் அவர் ஒருவர்தான். படித்துத் திருத்துவதுதான் அவர் குழுவின் வேலை. அம்மையார் தந்தது பன்னிரண்டு கதைகள், நூலில் இருப்பது பதினொன்று, அந்தப் பன்னிரண்டாவதை ஏன் எடுத்தோம் என்பதை இளைய எழுத்தாளர்கள் பாடமாகக் கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார்.

கன்னையா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குழுவுக்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. உறவு என்றால் முரண் வேண்டும். முடிவில் நீதி வேண்டும். பெண் என்றால் துன்பம் வேண்டும். அந்தக் கதை மூன்றிலும் தேறவில்லை. என்ன கதை? மனைவிக்குக் கை முறிந்துபோகிறது. கணவன் லோரி ஓட்டுகிறவன். தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, தலைசீவிப் பின்னிவிடுகிறான். முதல் நாள் கோணல்மாணலாகப் பின்னுகிறான், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். போகப் போக நன்றாகப் பின்னக் கற்றுக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. இதில் எங்கே இருக்கிறது துன்பம்?"

சபையில் சிரித்தார்கள். அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"அதுகூடப் போகட்டும். கட்டுப் பிரித்து, கை சரியான பிறகும் அவள், இன்னும் வலிக்கிறது என்று கணவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஏன்? அவன் தொடர்ந்து பின்னிவிட வேண்டுமாம். இது பொய் சொல்வது அல்லவா? பொய் சொல்லும் பெண்ணை நாம் மாணவர்களுக்குக் கொடுக்கலாமா? அம்மையாரைக் கூப்பிட்டுச் சொன்னோம், துன்பம் போதவில்லை, கொஞ்சம் சேர்த்துத் தாருங்கள் என்று. சரிங்க சார் என்று போனவர் திரும்ப வரவில்லை. நீக்கிய கையெழுத்துப் படிகளைச் சேர்த்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, மறுசுழற்சிக்குப் போட்டுவிடுகிறோம். சுற்றுச்சூழலும் ஒரு விழுமியம்தானே."

கை தட்டல் அடங்குவதற்குள் கன்னையா எழுந்துவிட்டார். இந்தத் தடவை நான் இழுக்கவில்லை. ஒலிவாங்கிகூட இல்லாமல்தான் கேட்டார்.

"சார், அந்தக் கதையில அவ சந்தோஷமா இருக்காளா?"

"ரொம்ப சந்தோஷமா இருக்காங்க ஐயா," என்றார் பக்கிரிசாமி. "அதுதான் அந்தக் கதையோட குறை."

கன்னையா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மேடையில் இருந்த கமலநாதன் அதைப் பார்த்துவிட்டார். இதோ பாருங்கள், மனைவிக்குக் கிடைத்த பெருமையைக் கண்டு துணைவர் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார், பேரவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று ஒலிவாங்கியில் சொன்னார். புகைப்படக்காரர் ஓடி வந்து இரண்டு மூன்று படம் எடுத்தார். எனக்கு எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று கால் துடித்தது. கன்னையாவின் பிடி என் கையை விடவில்லை.

நல்லபடியாகத்தானே எழுதியிருக்கிறார் அண்ணே, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

"கை ஒடிஞ்சது நெஜம் டீச்சர். பேக்டரில வழுக்கி விழுந்துட்டா. அவளுக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்கும். ஒரு கையால என்னமோ சுத்தி முடிஞ்சுக்கிட்டுப் பஸ் ஏறுவா. நான் பார்த்துக்கிட்டே ஷூ போடுவேன். ஒரு நாள் வீட்டுக்கு வரேன், முடியக் கழுத்தோட வெட்டிக்கிட்டு நிக்கிறா. பின்ன முடியல, அதான் வெட்டிட்டேன்னா. நான்தான் சத்தம் போட்டேன். பார்க்கவே சகிக்கலன்னு சொன்னேன்."

மேடையில் அடுத்த வருடத்துத் தலைப்பை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். குழுப்படத்துக்கு நூலாசிரியரின் குடும்பத்தாரை அழைத்து வரும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பொன்னாடையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் தயாராக நின்றார்.

கன்னையா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையைக் கீழே இழுத்துவிட்டு எழுந்தார். படியேறுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கதையில வர்ற ஆளு ரொம்ப நல்லவன் போல டீச்சர்," என்றார். "பவுனு அவன்கூடயே இருந்திருக்கலாம்."